முகம் தேய்ந்த காசு

இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக், சஃபோக் பகுதிகளில் அறுவடை முடிந்து அடுத்த பயிர் முளைப்பதற்கு முன்னால், நிலத்துக்காரரின் அனுமதியோடு மெட்டல் டிடெக்டரைச் சுமந்து வயலில் நடப்பவர்களைப் பார்க்கலாம். அவர்களுக்குப் புதையல் கிடைத்தால் செய்தித்தாளில் வரும். 2010இல் சாமர்செட் மாவட்டத்து ஃப்ரோம் என்ற ஊருக்கு அருகே ஒரே பானையில் 52,503 ரோமானிய நாணயங்கள் கிடைத்தபோது அப்படித்தான் வந்தது. செய்தியில் வராமல் போவதுதான் அதிகம். பகல் முழுதும் நடந்தவரின் பையில் மாலையில் பெரும்பாலும் இருப்பது, பித்தானா காசா என்றே சொல்ல முடியாத ஒரு பச்சை வட்டத் தகடு. பூவும் தெரியாது, தலையும் தெரியாது. இந்த அத்தியாயம் அந்தத் தகட்டைப் பற்றியது.

செல்லாக்காசு என்று அதைத் தூக்கி எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. அது பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம். காசு கண்டபடி தேய்வதில்லை. எந்த இடம் முதலில் அழியும், எது கடைசிவரை தாக்குப்பிடிக்கும் என்பதற்கு இயற்பியல் காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காரணங்கள் தெரிந்தால், மிஞ்சிக் கிடப்பதிலிருந்து அழிந்துபோனதை நோக்கிப் பின்னோக்கி நடக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டே பேசுவோம். தகட்டின் விட்டம் 28 மில்லிமீட்டர், எடை 9 கிராமுக்குச் சற்று மேல், உலோகம் செம்பு. ஆங்கிலேய வயலில் கிடைத்த இப்படிப்பட்ட தகடு இரண்டு காலத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் ரோமானியர் புழங்கிய ‘ஆஸ்’ என்ற செப்புக்காசு ஒன்று. 18ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் அரைப்பென்னி மற்றொன்று. விட்டத்திலும் எடையிலும் இவை கிட்டத்தட்ட ஒன்றே; காலத்தால் ஏறத்தாழ 1,600 ஆண்டு இடைவெளி.

முதலில், தகடு எப்படி மேலே வந்தது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதுவும் ஒரு சான்று. டிடெக்டரின் வட்டத் தலைக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசைமாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதன் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கும். அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அந்த ஓட்டம் தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். மேலே இருக்கும் இன்னொரு சுருள் அதை உணரும். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல், சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட இதே தத்துவத்தைத்தான் பயன்படுத்தினார். கட்டிலில் இருந்த எஃகுச் சுருள்கள் அவருடைய கருவியைக் குழப்பிவிட்டன.

வெள்ளியும் செம்பும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் எதிரொலி பிந்தி வரும். இரும்புக்கும் மெல்லிய தகட்டுத் துண்டுக்கும் வேறு மாதிரி வரும். திரையில் தெரியும் எண் இந்த வேறுபாட்டைத்தான் சொல்கிறது. ஒரே வகைக் காசுதான் என்றாலும் தேய்ந்து மெலிந்துபோனது எண்ணில் சற்று இறங்கிக் காட்டும். ஆழம் இன்னும் முக்கியம். கீழே போகும் புலம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. திரும்பி வரும் புலமும் அப்படியே. ஆக, சிறு பொருளிலிருந்து வரும் சைகை தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. ஆழம் இரண்டு மடங்கானால் சைகை 64இல் ஒரு பங்காகிவிடும். ஒற்றைக் காசு ஒரு சாணுக்குக் கீழே போனாலே பல கருவிகளுக்குக் கேட்காது.

இதனால் என்ன? டிடெக்டரில் சிக்கும் ஒற்றைக் காசு அநேகமாக உழவுமண்ணில் இருந்தது. கலப்பை பலமுறை புரட்டிய மண் அது. ரோமானியக் காசும் ஜார்ஜ் மன்னர் காலத்துக் காசும் நேற்று விழுந்த டிராக்டர் திருகாணியும் அங்கே ஒரே மட்டத்தில் கிடக்கும். கிடந்த ஆழத்தை வைத்து வயது சொல்ல முடியாது. முந்தைய நூற்றாண்டுகளில் நகரத்துக் கழிவையும் குப்பையையும் வண்டியில் ஏற்றி வயலுக்கு எருவாகக் கொட்டினார்கள். அதோடு சேர்ந்து காசும் பித்தானும் வந்தன. வீடே இல்லாத வயலில் அரைப்பென்னி கிடைப்பதற்கு இது ஒரு காரணம்.

இனி தேய்மானம். இதை முதன்முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர்களில் இருவர் சார்லஸ் ஹாட்செட், ஹென்றி கேவண்டிஷ். தங்க நாணயங்கள் எடை குறைந்துகொண்டே போவதைக் கண்டு கவலைப்பட்ட பிரிட்டிஷ் அரசு, 1798இல் பிரிவி கவுன்சிலில் ஒரு குழு அமைத்தது. காசுகளை ஒன்றோடொன்று தொடர்ந்து உரச வைக்கும் இயந்திரத்தை கேவண்டிஷ் வடிவமைத்தார். புவியின் அடர்த்தியை அளந்தாரே, அதே கேவண்டிஷ். வெவ்வேறு கலவைகளில் செய்த தங்கத் துண்டுகளை அதில் உரசி, எடை இழப்பை அளந்தார்கள். 1803இல் ராயல் சொசைட்டியின் இதழில் முடிவு வெளியானது: நாட்டின் தங்க நாணயம் இழந்ததாகச் சொல்லப்பட்ட எடைக்குக் கலவையின் தரத்தில் இருக்கும் குறை காரணமல்ல.

அறுபது ஆண்டு கழித்து, பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவன்ஸ் புழக்கத்தில் இருந்த சவரன்களை ஆண்டுவாரியாகப் பிரித்து எடைபோட்டு இன்னொரு வழியில் கணக்கிட்டார். ஒரு சவரன் ஆண்டுக்கு 0.043 கிரெயின், அதாவது ஏறத்தாழ 2.8 மில்லிகிராம் இழக்கிறது. சட்டம் அனுமதித்த குறைந்தபட்ச எடைக்குக் கீழே இறங்க 18 ஆண்டு ஆகிறது என்று 1868இல் எழுதினார். எட்டு கிராம் தங்கத்தில் ஆண்டுக்கு மூன்று மில்லிகிராமுக்கும் குறைவு என்றால் சொற்பம்தான். ஆனால் அந்தச் சொற்பம் காசின் முழுப் பரப்பிலும் சமமாகப் போவதில்லை.

காசை மேசையில் வைத்தால் மேசையைத் தொடுவது அதன் உயர்ந்த புள்ளிகள் மட்டும்தான். விரல், துணிப்பை, மற்ற காசு, இடையில் புகுந்த மணல்தூள், எல்லாம் முதலில் அந்தப் புள்ளிகளைத்தான் சந்திக்கின்றன. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் கடினத்தன்மை அளவில் 7, செம்பு 3, வெள்ளி அதற்கும் சற்றுக் குறைவு. ஆகவே உருவத்தின் கன்னம், காதுக்கு மேல் முடி, தோள்பட்டை ஆகியவை முதலில் மழுங்கும். அடுத்து முகத்தின் உட்கோடுகள் போகும். எழுத்துகள் விளிம்பை ஒட்டி இருந்தால், விளிம்பு உயர்ந்திருக்கும்வரை அதன் காவலில் தப்பிக்கும். உருவம் பின்புலத்தைச் சந்திக்கும் வரைகோடு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் அழியும், ஏனென்றால் அது ஒரு பள்ளத்தின் கரை. முகம் போன பிறகும் தலையின் நிழலுருவம் நிற்பது இதனால்தான்.

நாணயம் வடிவமைப்பவர்கள் இந்த விதியைக் கசப்பான அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1916 முதல் வெளிவந்த ‘ஸ்டாண்டிங் லிபர்ட்டி’ கால் டாலரில் ஆண்டு எண் ஒரு மேடான படியில் இருந்தது. சில வருடப் புழக்கத்திலேயே எண் அழிந்தது. 1925இல் அந்த எண்ணைப் பரப்புக்குக் கீழே இறக்கினார்கள். பிறகு அது நிலைத்தது. 1913 முதல் 1938 வரை வந்த ‘எருமை நிக்கல்’ என்ற ஐந்து சென்ட் காசில் ஆண்டு எண் தலையுருவத்தின் தோள்மேட்டில் உட்கார்ந்திருந்தது. கடைசிவரை அதைக் கீழே இறக்கவே இல்லை. ஆண்டு எண் அற்ற எருமை நிக்கல்கள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன.

புழக்கத்தில் தேய்வதையும் மண்ணில் அரிபடுவதையும் பிரித்துப் பார்ப்பது அவசியம். கைபட்டுத் தேய்ந்த பரப்பு வழவழப்பாக இருக்கும். மேடுகள் சரிந்து வளைந்திருக்கும். மண் தின்ற பரப்பு சொரசொரப்பாக, குழிகுழியாக இருக்கும். மேடு பள்ளம் பார்க்காமல் எங்கும் தாக்கியிருக்கும். முதலாவது, காசு தொலைவதற்கு முன்பு எவ்வளவு காலம் கைமாறியது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, தொலைந்த பிறகு எப்படிப்பட்ட மண்ணில் கிடந்தது, எவ்வளவு உரம் பட்டது என்பதைச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு ‘ரொம்பப் பழசு’ என்று முடிவுகட்டுவது இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஐம்பது ஆண்டு புழங்கிய அரைப்பென்னி, அச்சிட்ட மறுவருடமே தொலைந்த ரோமானியக் காசைவிட மோசமாகத் தேய்ந்திருக்கும்.

அடுத்தது கழுவுவது. இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் எதிரியாகிறது. பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி வளர்ந்தவர்கள் நாம். களிம்பு என்றால் அழுக்கு, அதை நீக்கினால்தான் பொருள் தெரியும் என்பது நம் கைக்குள் ஊறியிருக்கிறது. காசில் அப்படிச் செய்தால் எல்லாம் போய்விடும். செம்பு மண்ணில் கிடக்கும்போது அதன் மேல்தோல் மெல்ல மெல்லச் செம்பு ஆக்சைடாக மாறுகிறது. அது சிவப்பு அடுக்கு. அதன் மேல் கார்பனேட் சேர்ந்து பச்சை அடுக்கு உருவாகிறது. இந்த மாற்றம் மெதுவாக நடந்திருந்தால், காசு அச்சடிக்கப்பட்டபோது இருந்த மேற்பரப்பு இந்தக் களிம்புக்குள்தான் அப்படியே பதிந்திருக்கும். அடியில் உள்ள உலோகம் ஏற்கெனவே உருவம் இழந்திருக்கும். புளியிலும் எலுமிச்சையிலும் வினிகரிலும் உள்ள அமிலம் களிம்பைக் கரைக்கிறது. அதோடு மன்னரின் மூக்கும் எழுத்தும் கரைந்து வடிகின்றன. மிஞ்சுவது அம்மைத் தழும்பு போட்ட வெற்றுச் செம்பு.

வாலைவடிநீரில் ஊறவைத்து, மண்ணை மட்டும் மென்மையான மரக்குச்சியால் தள்ளி எடுத்து, நன்றாக உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரே விதிவிலக்கு, வெளிறிய பச்சையில் மாவுபோல் உதிரும் பொடி தெரிந்தால். உள்ளே சிக்கிய குளோரைடு காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து காசைத் தொடர்ந்து அரித்துக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். அதை ஈரமில்லாத பெட்டியில் வைத்து, அருங்காட்சியகப் பாதுகாப்பாளரிடம் காட்டுவதே வழி.

இப்போது நம் 28 மில்லிமீட்டர் தகட்டுக்கு வருவோம். காலிப்பரும், நூறில் ஒரு கிராம்வரை காட்டும் சிறு தராசும் போதும். கணக்குப் போட்டால், இந்த விட்டத்தில் இந்த எடையுள்ள செம்பின் சராசரித் தடிமன் 1.7 மில்லிமீட்டருக்கு அருகில் வரும். ரோமானியக் காசானாலும் பிரிட்டிஷ் காசானாலும் சராசரி இதுதான். வித்தியாசம், அந்தத் தடிமன் எப்படிப் பரவியிருக்கிறது என்பதில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் செம்பை உருளைகளுக்கிடையே கொடுத்துச் சீரான தகடாக்கி, அதிலிருந்து வட்டங்களைக் குத்தி எடுத்தார்கள். ஆகவே அரைப்பென்னியின் தடிமனை விளிம்பைச் சுற்றி எந்த இடத்தில் அளந்தாலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். ரோமானியர் செம்பு வில்லைகளை வார்த்து எடுத்து, அச்சுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். அதில் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும், நடுவில் உப்பியிருக்கும், வட்டமும் முழு வட்டமாக இருக்காது. சில சமயம் அடியின் அழுத்தத்தில் விளிம்பு வெடித்திருக்கும். அரை நிமிட அளவையில் 1,600 ஆண்டுக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. பெயரைத் தேடி ஓடுவதற்கு முன்னால் தகட்டின் உடலைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

உருவத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவதற்கு இங்கே அருமையான வாய்ப்பு ஒன்று இருக்கிறது. அரைப்பென்னியின் பின்பக்கம் பிரிட்டானியா என்ற பெண்ணுருவம் இடப்பக்கம் நோக்கி அமர்ந்திருக்கும். இரண்டாம் சார்லஸ் மன்னர் 1672இல் செப்புக்காசில் அவளைக் கொண்டுவந்தபோது, ரோமானிய நாணயங்களில் இருந்த பிரிட்டானியாவே முன்மாதிரி. பேரரசர் அந்தோனினஸ் பையஸ் 154–155இல் வெளியிட்ட ஆஸ் காசில் அவள் பாறைமீது சோர்ந்து அமர்ந்திருக்கிறாள். அந்தக் காசு கிடைப்பதும் பெரும்பாலும் பிரிட்டனில்தான். எனவே தேய்ந்த தகட்டில் ‘உட்கார்ந்த பெண்ணின் நிழல்’ மட்டும் தெரிந்தால், அது இரண்டு காலத்துக்கும் பொருந்தும். முடிவு சொல்வது தடிமன்தான்.

சீரான தடிமன் இருந்து அரைப்பென்னி என்று தேறினால், அடுத்த கேள்வி தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. பதவிக்கு வரும் ஒவ்வொரு மன்னரும் முந்தியவருக்கு எதிர்த்திசையில் பார்ப்பது பிரிட்டிஷ் நாணய மரபு. 18ஆம் நூற்றாண்டின் அரைப்பென்னிகளில் மூன்றாம் வில்லியம், முதலாம் ஜார்ஜ், மூன்றாம் ஜார்ஜ் ஆகியோர் வலப்பக்கம் பார்க்கிறார்கள். இரண்டாம் ஜார்ஜ் மட்டும் இடப்பக்கம். ஆகவே முகமே இல்லாவிட்டாலும், மூக்குப்பக்கம் எது, பின்னங்கழுத்து எது என்று வரைகோட்டில் பிடிபட்டால், இடப்பக்கம் பார்க்கும் தலை 1729க்கும் 1754க்கும் இடைப்பட்டது என்று சொல்லிவிடலாம். 1775க்குப் பிறகு கால் நூற்றாண்டுக் காலம் அரசு புது அரைப்பென்னி எதையும் அச்சிடவில்லை. இருந்ததே சுற்றிச் சுற்றி வந்தது. அதோடு பெருவாரியாகக் கள்ள அரைப்பென்னிகளும் கலந்தன. மெல்லிய தகடு, குறைந்த எடை, ஆழமில்லாத அச்சு என்று அவை பிறக்கும்போதே பாதி தேய்ந்தவைபோல் இருக்கும். எடை 9 கிராமைவிட வெகுவாகக் குறைந்தும் பரப்பு பெரிதாக மழுங்காமலும் இருந்தால் கள்ளக்காசு என்ற சந்தேகம் வர வேண்டும். விட்டம் 25 மில்லிமீட்டருக்குச் சற்று மேலும் எடை 5.6 கிராம் அளவிலும் வந்தால், அது 1860இல் வெண்கலத்துக்கு மாறிய பிறகு வந்த அரைப்பென்னி. அதற்குப் பெரிய துப்பறிதல் தேவையில்லை.

பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டும் என்று எல்லோரும் விளக்கை மேலே வைப்பார்கள். தேய்ந்த காசுக்கு வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். கணக்கு எளிது. மழுங்கிய ஓர் எழுத்தின் உயரம் 0.05 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 45 பாகைச் சாய்வில் வெளிச்சம் விழுந்தால் அதன் நிழலும் 0.05 மில்லிமீட்டர்தான், கண்ணுக்குப் படாது. வெளிச்சத்தை 5 பாகைக்குத் தாழ்த்தினால் நிழல் 0.57 மில்லிமீட்டராக நீளும். பத்து மடங்குக்கும் மேல். இருட்டறையில் ஒரே ஒரு டார்ச்சை மேசையோடு ஒட்டிப் பிடித்து, காசை மெல்லச் சுற்றினால், ஒரு கோணத்தில் தலை எழும், இன்னொரு கோணத்தில் எழுத்தின் ஒரு கால் எழும். ஒரு திசையில் ஓடும் கோடு, அதே திசையில் வரும் வெளிச்சத்தில் மறைந்துவிடும் என்பதால் சுற்றிப் பார்ப்பது கட்டாயம்.

இதையே கணினியிடம் கொடுத்தவர் ஹியூலெட்-பேக்கர்ட் ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர். காமிராவை அசையாமல் வைத்து, வெளிச்சத்தை மட்டும் பல திசைகளில் மாற்றிப் படங்கள் எடுத்து, ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சத்துக்கேற்ப எப்படி மாறுகிறது என்பதை ஒரு சமன்பாட்டில் அடக்கும் முறையை அவரும் சகாக்களும் 2001இல் வெளியிட்டார்கள். அதன் பிறகு திரையில் விளக்கை எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம். காசின் நிறத்தையும் களிம்பின் திட்டுகளையும் அகற்றிவிட்டுப் பரப்பின் சாய்வுகளை மட்டும் காட்டச் சொல்லலாம். பச்சையும் பழுப்பும் கலந்த திட்டுகள்தான் கண்ணை அதிகம் ஏமாற்றுபவை. அவை போனதும் உருவம் தெளிவது வியப்பூட்டும்.

மேடே மிஞ்சாமல் முற்றிலும் தட்டையாகிவிட்டால்? அப்போதும் காசுக்குள் ஏதோ மிஞ்சியிருக்கிறது என்பதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் எழுதினார். 1832இல் வெளிவந்த ‘இயற்கை மாயம்’ பற்றிய தன் கடிதங்களில் அவர் விவரிக்கும் சோதனை இது: படிக்க முடியாதபடி தேய்ந்த காசைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பின்மேல் வைத்து இருட்டில் பார்த்தால், எழுத்துகள் சுற்றியுள்ள பரப்பிலிருந்து வேறுபட்ட ஒளியில் தெரிந்து வாசிக்க முடிகிறது. தேய்ந்து மெருகேறிய இடமும், ஒதுங்கியிருந்து சொரசொரப்பாகவே நின்ற இடமும் ஒரே சூட்டில் ஒரே அளவு ஒளி வீசுவதில்லை. சொரசொரப்பான பரப்பு கூடுதலாக வீசும்.

இதன் அடியில் இன்னோர் உண்மையும் இருக்கிறது. அச்சு அடிக்கும்போது உலோகத்தின் மேற்பரப்பு மட்டும் உருமாறுவதில்லை. அடியில் உள்ள படிகங்களும் நசுங்குகின்றன, இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில். மேலே உள்ள மேடு தேய்ந்து போனாலும், அடியில் நசுங்கிய படிகங்கள் அப்படியே கிடக்கும். நசுங்கிய உலோகத்தை அமிலம் வேறு வேகத்தில் தின்னும். துப்பாக்கியில் அரத்தால் ராவி அழித்த எண்ணைத் தடயவியலாளர்கள் மீட்பது இந்த வழியில்தான். ஆண்டு எண் அழிந்த எருமை நிக்கலில் அமிலத்துளி விட்டு எண்ணை வரவழைப்பதும் இதே வழிதான். அழகான இயற்பியல். ஆனால் வயலில் கிடைத்த காசில் இதில் எதையும் செய்யக் கூடாது. சூடு களிம்பைச் சிதைக்கும், அமிலம் தோலைத் தின்னும். அடுத்த தலைமுறை நம்மைவிட நல்ல கருவியோடு வரும்போது பார்க்க எதுவும் இருக்காது. கதிர்களால் காசின் உள்ளே பார்க்கும் கருவிகள் இப்போதே வந்துவிட்டன.

எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியை வைத்து உலோகக் கலவையை அறிவதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அது பரப்பிலிருந்து ஒரு முடியின் தடிமன் அளவுக்குக்கூட உள்ளே பார்ப்பதில்லை. வெள்ளியும் செம்பும் கலந்த காசில், மேல்தோலில் இருக்கும் செம்பு கரைந்து போய் வெள்ளி மட்டும் அடர்ந்து நிற்கும். கருவி உள்ளதைவிட உயர்ந்த தரத்தைக் காட்டும். ரோமானிய தெனாரியஸ் காசுகளின் பழைய பகுப்பாய்வுகளில் இந்தக் கோளாறு இருந்தது. கெவின் புட்சர், மேத்யூ பான்டிங் ஆகியோர் காசின் உட்பகுதியிலிருந்து துளி உலோகம் எடுத்து ஆராய்ந்த பிறகுதான் நீரோ காலத்தில் வெள்ளி எவ்வளவு குறைக்கப்பட்டது என்பது சரியாகத் தெரிந்தது.

வெள்ளிக் கலப்படம் என்றதும் நினைவுக்கு வருவது, தேய்மானமே அடையாளமாகிவிட்ட ஒரு காசு. கி.மு. 32–31இல், ஆக்டியம் போருக்கு முன்னால், மார்க் ஆண்டனி தன் படைகளுக்குச் சம்பளம் கொடுக்க தெனாரியஸ்களை அச்சிட்டார். ஒரு பக்கம் துடுப்புக் கப்பல். மறுபக்கம் இரண்டு கொடிக்கம்பங்களுக்கு நடுவே படையணியின் கழுகுச் சின்னம். அவற்றில் வெள்ளி குறைவு. பிற்காலப் பேரரசர்கள் பழைய நல்ல வெள்ளிக்காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கியபோது, இவற்றை உருக்குவதில் இலாபமில்லை என்பதால் விட்டுவிட்டார்கள். இருநூறு ஆண்டுக்கும் மேலாக இவை கைமாறிக்கொண்டே இருந்தன; பிரிட்டனில் 3ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் புதைக்கப்பட்ட குவியல்களில்கூட வருகின்றன. கிட்டத்தட்ட வழுக்கையான ஒரு வெள்ளித் தகட்டில் மூன்று செங்குத்துக் கோடுகளின் சுவடு மட்டும் தெரிந்தால், அனுபவமுள்ளவர் ஆண்டனியின் பெயரைச் சொல்லிவிடுவார். அதே அளவு தேய்ந்திருக்க வாய்ப்புள்ள வேறு காசுகள் மிகக் குறைவு.

சிறு காசுகளில் இந்த நிழலுருவ வாசிப்பு இன்னும் துல்லியமாக வேலை செய்கிறது. பிரிட்டிஷ் வயல்களில் மிக அதிகம் கிடைக்கும் ரோமானியக் காசு 4ஆம் நூற்றாண்டின் சிறு வெண்கலம். கான்ஸ்டன்டைன் குடும்பத்தார் ‘படையின் புகழ்’ என்ற வாசகத்தோடு இரண்டு வீரர்கள் எதிரெதிரே நிற்கும் காசை வெளியிட்டார்கள். 330 முதல் 335 வரை வீரர்களுக்கு நடுவே இரண்டு கொடிக்கம்பங்கள். 335 முதல் 341 வரை ஒன்று. எழுத்து முழுதும் போயிருக்கட்டும், மன்னர் யாரென்றே தெரியாமல் இருக்கட்டும், நடுவில் இரண்டு கோடா ஒன்றா என்று எண்ணினால் போதும், ஆறு ஆண்டுக்குள் காலம் அகப்படுகிறது. இரண்டு கொடிக் காசு 17 மில்லிமீட்டர் அளவில் இரண்டரை கிராம் இருக்கும். ஒற்றைக் கொடிக் காசு 15 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். கோடு தெரியாவிட்டாலும் அளவு துணைக்கு வரும். குட்டிகளுக்குப் பாலூட்டும் ஓநாய் தெரிந்தால் 330களில் ரோம் நகரின் பெயரில் வந்தது. சரிந்த குதிரைவீரனை ஒருவன் ஈட்டியால் குத்தினால் 348க்குப் பின்.

இங்கே ஒரு கேள்வி எழும். மன்னர் பெயர் தெரியாமல் ‘330–341, யாரோ ஒருவர்’ என்று எழுதி என்ன பயன்? பெரும் பயன் உண்டு. ரிச்சர்ட் ரீஸ் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் கிடைக்கும் ரோமானியக் காசுகளை 21 காலக்கூறுகளாகப் பிரித்தார். ஓர் இடத்தில் கிடைத்த காசுகளில் எந்தக் கூறில் எவ்வளவு என்று எண்ணி, நாட்டின் சராசரியோடு ஒப்பிடுவது அவருடைய முறை. அந்த எண்ணிக்கைக்கு மன்னர் பெயர் தேவையில்லை, காலக்கூறு போதும். 330–348 காலக்கூறு பெரும்பாலான இடங்களில் உச்சம் தொடும். அங்கே உச்சமில்லாத ஒரு வயல் வித்தியாசமான வயல். பிரிட்டிஷ் மியூசியத்தின் பொறுப்பில் 1997 முதல் நடக்கும் கண்டெடுப்புப் பதிவுத் திட்டம், பொதுமக்கள் கொண்டுவரும் முகமற்ற காசையும் ‘வாசிக்க இயலாதது, 4ஆம் நூற்றாண்டு’ என்று இடத்தோடும் எடையோடும் பதிகிறது. தெரிந்தவரை மட்டும் சொல்லி நிறுத்துவது அங்கே கற்றுத் தரப்படும் முதல் ஒழுக்கம். அரைகுறைச் சுவட்டை அட்டவணைப் படத்தோடு பொருத்தி ஒரு பெயரை ஒட்டிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒட்டிய பெயர் தவறானால் அது எண்ணிக்கையையே கெடுத்துவிடும்.

இந்த ரோமானியச் சிறுகாசு மரபு நமக்கு அந்நியமல்ல. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ரோமானியச் செப்புக்காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும் விட்டம், ஒரு கிராம் அளவிலான எடை. பெரும்பாலும் தேய்ந்தவை. கைதியை இழுத்துச் செல்லும் வெற்றித் தேவதை, வரிசையாக நிற்கும் மூன்று பேரரசர்கள் ஆகிய நிழலுருவங்களைக் கொண்டே அவற்றை இனம் காண வேண்டியிருக்கிறது. நாணயவியலாளரும் தினமலர் ஆசிரியராக இருந்தவருமான இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து 1994இல் நூலாக வெளியிட்டார். இலங்கையில் இந்தக் காசுகளோடு, அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே செய்த போலிகளும் நிறையக் கிடைக்கின்றன. தேய்ந்த பிறகு அசலையும் போலியையும் பிரிப்பது தனிக் கலை. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளிலோ பேரரசரின் தலைமேல் உளியால் வெட்டிய தடம் பெரும்பாலானவற்றில் இருந்தது. அது வேண்டுமென்றே போட்ட வெட்டு என்பதை, தேய்மானத்தின் விதி தெரிந்தவர் உடனே சொல்வார்: தேய்மானம் மேட்டைத்தான் வழிக்கும், பள்ளத்தை அறுக்காது.

ஆனால் ரீஸ் செய்த கணக்கை அமராவதிக் காசுகளுக்குச் செய்வது கடினம். மணலைச் சலித்தவர் கையிலிருந்து வியாபாரி கைக்கும் அங்கிருந்து சேகரிப்பாளர் கைக்கும் போன காசோடு, அது ஆற்றின் எந்த வளைவில், வேறு எந்தப் பொருளோடு கிடந்தது என்ற செய்தி கூடவே போகவில்லை. முகம் தேய்ந்த காசுக்கு அந்தச் செய்திதான் பாதி அடையாளம். நம் நாட்டில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைப்பதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் தோண்டுவது குற்றம். கிணறு வெட்டும்போதோ ஏர் ஓட்டும்போதோ தற்செயலாக இப்படியொரு தகடு கைக்கு வந்தால், கழுவாமல் ஒரு காகிதத்தில் மடித்து, அந்தக் காகிதத்தின் மேலேயே தேதி, ஊர், புல எண், ஆழம், அருகில் ஓடு ஏதேனும் கிடந்ததா என்பதை அப்போதே பென்சிலால் எழுதிவிட வேண்டும். எடையும் விட்டமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவை மாறப்போவதில்லை.